வாலுக்கு மட்டும்தான் விளக்கு

கையுறையைக் கழற்றாமலே டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குத்தம்பாக்கத்தில், இப்போது புதிய பேருந்து நிலையம் வந்திருக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த கடை. மணி ஆறரைகூட ஆகவில்லை, ஆனால் நன்றாக இருட்டிவிட்டது. தூறல் விட்டிருந்தது. நனைந்த தார் ரோட்டின் வாசனையும் கடையில் பொரிகிற போண்டா வாசனையும் ஒன்றாக வந்தன.

கஸ்தூரி தன் சைக்கிளைத் திருப்பினாள். மழைக்கோட்டை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாள்.

அவள் சீட்டுக்குக் கீழே மாட்டியிருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பல வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த வாரத்தோடு அந்தப் பொய்யை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். பார்த்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டுப் பெரம்பலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "சர்க்கரை வந்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியதால் சைக்கிள் வாங்கியதை எழுதினீர்கள். விழுந்து பல் உடைந்ததையும் எழுதினீர்கள். அப்புறம் சைக்கிள் பேச்சையே காணோமே, விற்றுவிட்டீர்களா?"

விற்கவில்லை அம்மா. திருமுல்லைவாயில் வீட்டு பால்கனியில் துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை வாரம் எடுத்துக்கொண்டேன்.

கேப்டன் ஆன கதை

நான் நாமக்கல் பக்கத்துக்காரி. வேலைக்காக அம்பத்தூர் வந்தவள். அங்கே எஸ்டேட் என்று சொல்கிற தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அதாவது, அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது. இருபது வருஷம் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவளுக்கு வேறு என்ன குணம் வரும்? வீட்டில் குழம்பு வைத்தால்கூட, உப்புப் பார்க்கும்போது என் முகம் ஆபீஸ் முகமாகிவிடும் என்பார் என் கணவர்.

தனியாக சைக்கிள் ஓட்டப் பயமாக இருக்கிறது என்று இரண்டு பேர் சேர்ந்தோம். பிறகு ஆறு பேர் ஆனோம். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரமணன் சார், என் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர், நான், கஸ்தூரி. விதிகளை எழுதி அனுப்பியது நான் என்பதால் கேப்டன் பட்டமும் எனக்கே வந்தது. வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கஸ்தூரி அண்ணனூர்க்காரி. அவளுடைய அம்மா அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இவள் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் பவர் மிஷின் ஓட்டுகிற டெய்லர். பதினைந்து வருஷமாகத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தாள். பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஒருநாள் ஆவடி சிக்னலில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, அல்லாரும் தொப்பி மாட்டிக்கினு எங்க போறீங்கோ?"

"சும்மா, பூந்தமல்லி வரைக்கும்."

"சொம்மாவா? சொம்மா போறதுக்கா இம்மா டிரெஸ்ஸு? நானும் வரேன்க்கா, நீ போ முன்னாடி."

பார்த்த முதல் நிமிஷமே 'நீ' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதத்தில் அது பழகிப்போய், அவள் 'அக்கா, நீ' என்று ஆரம்பித்தாலே சிரிப்பு வந்துவிடும். சென்னைக்கு வந்த இத்தனை வருஷத்தில் என்னை நீ என்று கூப்பிட்ட ஒரே சிநேகிதி அவள்தான்.

இன்னொன்றும் ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் ஆறு பேரில் அவள்தான் வேகம். என் சைக்கிளின் விலையில் அவளுடையது நாலில் ஒரு பங்கு இருக்காது. எதிர்காற்றில் நாங்கள் நாக்குத் தள்ளும்போது, அவள் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள்.

பதினோரு விதிகள்

என் விதிகள் மொத்தம் பதினொன்று. ஹெல்மெட் இல்லாதவர் வரக்கூடாது. இருட்டியபின் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். பகலில் குழி வந்தால் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். இருட்டில் கை தெரியாது என்பதால் "குழி" என்று கத்த வேண்டும், அதை ஒவ்வொருவரும் பின்னால் கடத்த வேண்டும். தெருநாய்க்கும் மாட்டுக்கும் அதே முறைதான். கேப்டனை முந்தக்கூடாது என்பது ஆறாவது விதி.

ஏழாவது, விளக்கு விதி. சக்கரத்தை ஒட்டிச் சக்கரமாகப் போகும்போது முன்னவரின் சிவப்பு விளக்கு மின்னி மின்னிப் பின்னவர் கண்ணைக் கூசவைக்கும். குழி தெரியாது. அதனால் வரிசையில் கடைசியாக வருகிறவர், நாங்கள் 'வால்' என்று சொல்வோம், அவர் விளக்கு மட்டும் எரிய வேண்டும். மற்ற ஐந்து பேரும் அணைத்துவிட வேண்டும். எங்கள் வால் ரமணன் சார். ஆரஞ்சுச் சட்டையும் பெரிய விளக்குமாக, ஊர்வலத்தின் கடைசி வண்டி மாதிரி வருவார்.

மின்ன விடாமல் மங்கலாக எரியவிட்டாலே போதும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் யார் மங்கலாக வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று தினமும் சரிபார்க்க வேண்டும். 'அணை' என்பது சுலபமான விதி. கண்காணிக்கிறவளுக்குச் சுலபமான விதி என்று இப்போது திருத்திக்கொள்கிறேன்.

கஸ்தூரிக்கு அந்த விதி பிடிக்கவில்லை.

"எரிஞ்சிக்கினு இருந்தா இன்னாக்கா ஆவப்போவுது? லைட்ட வாங்கி அணைச்சி வெச்சிக்கினு போறதுக்கு எதுக்கு வாங்கணும்?"

"பின்னாடி வர்றவங்க கண்ணு கூசும் கஸ்தூரி."

"கூசட்டும். லாரிக்காரன் கண்ணு தெரிஞ்சா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விதி என்றால் விதி என்றேன். அன்றைக்கு அவள் அணைத்தாள். அப்புறம் நான் சொல்லாமலே, கிளம்பும்போது கை தானாகப் பின்னால் போய் அணைக்கப் பழகிக்கொண்டது. என் சொல்லை அத்தனை ஒழுங்காகக் கேட்டவள் அவள்.

ஐப்பசி இருட்டு

அந்த வருஷம் எங்களுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் நேர வரம்போடு ஒரு நீண்ட சவாரி நடக்க இருந்தது. இருநூறு கிலோமீட்டரை ஒரே நாளில் முடித்தால் பதக்கம். ஆறு பேரும் பெயர் கொடுத்தோம். கஸ்தூரிக்கு அது பெரிய விஷயம். பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்தபோது கொடுத்த பதக்கத்தை அவள் அப்பா வீடு மாறும்போது தொலைத்துவிட்டாராம். "இத்த நானே வெச்சிப்பேன், யாராண்டயும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாரத்தில் மூன்று மாலை பயிற்சி. ஐந்து மணிக்கு வேலை விட்டதும் ஆவடி, பருத்திப்பட்டு, கரையான்சாவடி, திருமழிசை, குத்தம்பாக்கம். அங்கே டீ. பிறகு அதே வழியில் திரும்புவோம். சித்திரையில் தொடங்கியபோது டீக்கடை வரை வெளிச்சம் கூடவே வந்தது. ஆவணியில் திருமழிசையிலேயே மங்கியது. ஐப்பசி வந்ததும் கரையான்சாவடி தாண்டுவதற்குள் பொழுது போய்விட்டது.

நான் அந்த மாற்றத்தை என் அட்டவணையில் எழுதவே இல்லை. கிலோமீட்டர் இருந்தது, சராசரி வேகம் இருந்தது. சூரியன் எப்போது மறைகிறது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

கஸ்தூரிதான் சொன்னாள். ஓவர்டைம் முடித்துவிட்டு இருட்டில் வீடு போய்ப் பழகியவள் அவள்.

"அக்கா, பொழுது சுருங்குற மாசத்துல ஐவேஸ் ரோடு வாணாம். எஸ்டேட்டுக்குள்ளயே சுத்தலாம். கம்பத்துல லைட்டு கீது, ஞாயித்துக்கெழம வெளிச்சத்துல தூரம் போலாம்."

"எஸ்டேட்டுக்குள்ள சுத்துனா ஒவ்வொரு முக்குலயும் பிரேக் பிடிக்கணும். வேகம் வராது."

"வேகம் வராட்டி போவுது, நாம ஊடு வரணும்ல?"

ரமணன் சார் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். நான் அட்டவணையை எடுத்துக் காட்டினேன். அட்டவணை என்று ஒன்றைக் காட்டிவிட்டால் யாரும் மேலே பேச மாட்டார்கள். ஆபீஸில் கற்றுக்கொண்ட வித்தை அது.

கரையான்சாவடி தாண்டியதும்

கார்த்திகையில் ஒரு நாள். மதியமெல்லாம் மழை பெய்துவிட்டு மாலையில் தூறிக்கொண்டிருந்தது. நான் முன்னால், கஸ்தூரி இரண்டாவது. கரையான்சாவடி நெரிசலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்ததும், மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

பின்னாலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது. "அக்கா, கொஞ்சம் ஏறி மிதிக்கா. வெளிச்சம் கீற அப்பவே தாண்டிடலாம்."

எனக்கு அன்றைக்கு முழங்கால் வலி. இருந்த வேகத்துக்கே மூச்சு வாங்கியது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஓட்டினேன். இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அவள் என்னை முந்தினாள். அவள் முந்தியதும் பின்னால் இருந்த மூன்று பேரும் அவளோடு போனார்கள். நானும் ரமணன் சாரும் மட்டும் மிஞ்சினோம். வாலுக்கு முன்னால் கேப்டன்.

அவர்கள் டீக்கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் கழித்து நான் போய்ச் சேர்ந்தேன். கஸ்தூரி எனக்காக ஒரு டீ சொல்லி வைத்திருந்தாள்.

"ஆறாவது விதி என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இருட்டிக்கினு வந்துச்சுக்கா, அதான்…"

"தெரியுமா, தெரியாதா?"

"கேப்டன முந்தக்கூடாது" என்றாள், பிள்ளைகள் ஒப்பிப்பது போல. சிரிப்பதற்கு எனக்கு ஒரு வழி செய்து கொடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"கூட்டத்தோட வர்றதுன்னா கூட்டத்துக்கு அடங்கி வரணும். முடியாதுன்னா தனியா ஓட்டிக்கலாம். யாரும் யாரையும் கட்டி இழுக்கல."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். டீ போடுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் பேசியது விதிக்காக இல்லை. என்னுடையதில் கால் விலை சைக்கிள்கூட இல்லாத ஒருத்தி என்னைப் பின்னால் தள்ளிவிட்டுப் போன பொறாமை அது. அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

கஸ்தூரி டீ கிளாஸைப் பலகையில் வைத்தாள். பாதிகூடக் குடிக்கவில்லை.

வாயை மூடிய நேரம்

அப்புறம் நடந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. சைக்கிளைத் திருப்பினாள், கிளம்பினாள். வரிசையில் வரும்போது அணைத்த விளக்கு அணைந்தபடியே இருந்தது.

ரமணன் சார் எழுந்தார். "மேடம், நான் கூடப் போறேன். அந்தம்மா தனியாப் போகுது."

"வேண்டாம் சார். டீயை முடிங்க. கோபம் தணிஞ்சதும் தானா நிப்பா."

நான் கூப்பிட்டிருக்கலாம். 'கஸ்தூரி, லைட்' என்று இரண்டே சொல். ஆனால் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். சமாதானத்துக்கு நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். சர்வீஸ் ரோட்டில் கும்பல். ஒரு லோடு வண்டி குறுக்கே நின்றது. கஸ்தூரி மண்ணில் கிடந்தாள், நினைவு இருந்தது. வலது தொடை இருக்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது.

அவள் வேகத்துக்கு அதற்குள் திருமழிசையையே தாண்டியிருக்க வேண்டும். அத்தனை பக்கத்தில் ஏன் கிடந்தாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "லைட்டே இல்ல சார், கிட்ட வந்தப்புறம்தான் ஆளே தெரிஞ்சுது, நான் இன்னா பண்ணுவேன்?" அவர் சொன்னது உண்மை. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டவரும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் கஸ்தூரியின் கணவரும் அதையேதான் கேட்டார். "லைட்டு வாங்கி வெச்சிக்கினு எதுக்குடி போடாத போன?" அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ரமணன் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரும் பார்வையை எடுத்துக்கொண்டார்.

குழுவில் போட்ட செய்தி

இதைவிட மோசமான ஒன்றை மறுநாள் செய்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "விளக்கில்லாமல் தனியாகச் சென்றதால் நம் கஸ்தூரிக்கு விபத்து. அனைவரும் இதைப் பாடமாக எடுத்துக்கொள்ளவும். இனி ஒவ்வொருவரும் விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும்."

ஏழாவது விதியை மாற்றிவிட்டேன். அந்த விதியை யார் போட்டது என்று எழுதவில்லை.

அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் படித்திருக்கிறாள். அடுத்த நாள் காலை, 'கஸ்தூரி வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்திருந்தது. பார்க்கப் போனபோது, "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்றாள். அக்காவும் போயிற்று, நீயும் போயிற்று. நான் வாங்கிப்போன ஆப்பிளையே கணவரிடம் எடுத்துக் கொடுத்து எனக்கு நறுக்கித் தரச் சொன்னாள், விருந்தாளிக்குச் சொல்வதைப் போல.

தொடையில் கம்பி வைத்தார்கள். பவர் மிஷினை வலது காலால்தான் அழுத்தி ஓட்ட வேண்டும். நாள் முழுக்க அழுத்த அந்தக் காலால் முடியவில்லை. கம்பெனி வேலை போயிற்று.

நான் இருநூறு கிலோமீட்டரை ஓட்டி முடித்தேன். அதையும் மறைக்க மாட்டேன். பதக்கம் வாங்கி, போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அழுதேன். அந்தப் பதக்கம் இப்போது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. சைக்கிளை அன்றைக்கு பால்கனியில் வைத்தேன்.

அண்ணனூர்

போன மாதம் அண்ணனூர் ஸ்டேஷன் படிக்கட்டில் அவளைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடி ஒளியலாம் போல இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். "மேடம், நல்லாகீறீங்களா?" என்று நின்று பேசினாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாளாம், மோட்டார் மிதியை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டரில் போயிருக்கலாம். அப்படிப் போகத் தோன்றவில்லை. பழைய சிவப்பு விளக்கையும் சார்ஜ் போட்டு மாட்டியிருந்தேன்.

டீ கொடுத்தாள். கொக்கி மாட்டுகிற துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"கஸ்தூரி, அன்னிக்கு நீ கிளம்புறப்போ லைட் எரியலன்னு நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கூப்பிடாம இருந்தேன். குழுவுலயும் உன் மேலேயே பழியப் போட்டேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"கெளம்பும்போது ஓரக்கண்ணால பாத்தேன் இல்ல. நீ வாயத் தொறந்தத பாத்தேன்." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ கூப்புடுவன்னுதான் மெதுவா போய்க்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. போனால் போகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது. மறுபடி ஊசியை எடுத்துக் காஜாவை முடித்தாள். ரயில் ஒன்று பக்கத்திலிருக்கிற ரயில்வே ஷெட்டுக்குள் போகிற சத்தம் கேட்டது.

கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. வாசலில் ஹெல்மெட்டை மாட்டி, சைக்கிளில் ஏறினேன். தெருமுனை வரை போயிருப்பேன்.

"அக்கா!"

பிரேக் பிடித்துத் திரும்பினேன். கஸ்தூரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றாள்.

"பின்னாடி லைட்டு எரியல பாரு. போட்டுக்கினு போ."

சீட்டுக்குக் கீழே கையை விட்டு விளக்கைப் போட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். கூப்பிடுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது.